ஐந்து முறை வெடித்த நீல வில்லை

பன்னிரண்டாம் நாள் அந்த போர்டு திரும்பி வந்துவிட்டது.

மரிய அனிதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். மிஷின்களுக்குள் இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டுகளை ரிப்பேர் செய்கிற கடையைக் காரைக்குடியில் அவள் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கைபட்டுப் போன சரக்கு எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதனால் திரும்பி வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்னண்ணே இது?"

"மறுபடி வெடிச்சிருச்சு தங்கச்சி. அதே எடத்துல," என்றார் மலையாண்டி. புதுவயலில் அழகுசுந்தரத்தின் ரைஸ் மில்லுக்கு அவர்தான் எலெக்ட்ரீசியன். இதைச் சொல்லும்போது அவர் அனிதாவைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய ஈயக் கம்பிச் சுருளைப் பார்த்துச் சொன்னார். மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம் என்று அனிதா எடுத்துக்கொண்டாள்.

வெடித்தது ஒரு நீல வில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக, இரண்டு கம்பிக் கால்களோடு, போர்டுக்குள் கரண்ட் நுழைகிற வாசலில் நிற்கும். புத்தகத்தில் அதற்கு வேரிஸ்டர் என்று பெயர், மில்லில் எல்லாருக்கும் நீல வில்லைதான். அதன் பிழைப்பு ஒரு தினுசானது. கரண்ட் ஒழுங்காக வரும்வரை ஒரு வேலையும் செய்யாது. இடி மின்னலிலோ வேறு எதிலோ லைனில் திடீரென்று கரண்ட் எகிறினால், அத்தனையையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, தாங்க முடியாவிட்டால் வெடித்துச் செத்துப்போகும். பின்னால் இருக்கும் விலை உயர்ந்த சாமான்கள் பெரும்பாலும் தப்பிக்கும். அது வேலை செய்தது என்பதற்கு அது செத்துக் கிடப்பதுதான் அத்தாட்சி.

அழகுசுந்தரம் மில்லில் கலர் சார்ட்டர் என்று ஒரு மிஷின் உண்டு. கொட்டுகிற அரிசியில் கறுப்பு அரிசியையும் கல்லையும் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளிவிடும். புரட்டாசியில் ஒரு நாள் வந்த இடியில் அதன் போர்டு போய்விட்டது. கம்பெனியில் கேட்டால், பழையதை ரிப்பேர் செய்கிற வழக்கமே இல்லை, புதுசு வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். அனிதா ஒரே சாயங்காலத்தில் வில்லை, ஃப்யூஸ், இரண்டு டயோடு எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டாள். மிஷின் ஓடியது.

மறுநாள் அழகுசுந்தரமே ஒரு சிப்பம் பொன்னி அரிசியோடு கடைக்கு வந்தார். புதுவயலில் இத்தனை மில்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எது வாங்கினாலும் இவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அப்பேர்ப்பட்டவர் தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கைராசியைப் புகழ்ந்ததும் அனிதாவுக்குத் தலை கொஞ்சம் சுற்றிவிட்டது. சுற்றியதில் ஒரு வாக்குறுதியும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஒரு வருஷத்துக்கு அந்த வில்லை எத்தனை தடவ வெடிச்சாலும் கொண்டாங்கண்ணே. ஒத்தப் பைசா வாங்க மாட்டேன்."

பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஜோசப் ராஜ் அவள் காலை மிதித்தான். அவன் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், நன்றாகவே மிதித்தான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"எத்தனை தடவ வெடிச்சாலுமா?" என்று கேட்டார் அழகுசுந்தரம்.

"எத்தனை தடவ வெடிச்சாலும்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து ஏதோ யோசித்தார், எழுந்து போய்விட்டார். மனுஷன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று அனிதா ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படி வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூரில் எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் போர்டு பார்த்தவள் அவள். சொந்த ஊரில் சொந்தப் பெயரில் கடை வைக்கப்போகிறேன் என்று வேலையை விட்டபோது, அங்கே மேனேஜர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. பெண்பிள்ளை நடத்துகிற ரிப்பேர் கடைக்குக் காரைக்குடியில் எவன் போர்டு கொண்டுவருவான் என்று கேட்டார். இப்போது அதே மேனேஜர், சூப்பர்வைசர் வேலை காலியாக இருக்கிறது, கார்த்திகை முடிவதற்குள் பதில் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதற்கு அவள் பதிலே போடவில்லை. புதுவயல் மில்கள் அவள் கைக்கு வந்துவிட்டால் போடவேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் இந்த ஒரு போர்டு நிற்பதில்தான் இருந்தது. அதுதான் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து மேசையில் கிடக்கிறது.

வில்லை வெடித்தால் கால்கள் இரண்டுதான் மிஞ்சும், சுற்றிலும் கரியாக இருக்கும். அனிதா கரியைத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஈயம் வைத்த இடங்கள் கம்பெனியில் வைத்ததுபோல அத்தனை சுத்தமாக இருந்தன. இவ்வளவு நேர்த்தியாகவா வைத்தோம் என்று அந்தக் கவலையிலும் தன் கையைத் தானே மெச்சிக்கொண்டாள். இந்தத் தடவை சின்ன வில்லை வேண்டாம் என்று, ஒரு சுற்றுப் பெரிய வில்லையாகப் போட்டாள். அதன் பின்னால் பழுதாகிப்போன சாமான்களையும் மாற்றினாள். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மலையாண்டி வந்து வாங்கிக்கொண்டு போனார். மில்லின் குட்டி வண்டி வாசலில் நின்றது. டிரைவர் வேல்பாண்டி உதவிக்கு இறங்கப் பார்த்தான். "நீ வண்டியிலயே இரு," என்று மலையாண்டி அவனை உள்ளேயே உட்காரவைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் போர்டு மறுபடி வந்தது. அதே இடம், அதே கரி.

பெரிய வில்லையே வெடித்திருக்கிறது என்றால் லைனில் வருவது சாதாரணச் சமாசாரம் இல்லை என்று அனிதா முடிவுகட்டினாள். மூன்றாம் முறை போர்டைச் சரிசெய்து, தானே மில்லுக்கு வந்து மாட்டுவதாகப் போனில் சொன்னாள். அழகுசுந்தரம் பதறிப்போய்விட்டார். ஒரே தவிட்டுத் தூசி, லாரி வேறு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கும், பொம்பளைப் பிள்ளை எதற்கு வெயிலில் அவ்வளவு தூரம் வரணும் என்றெல்லாம் தடுத்துப் பார்த்தார். தன்மேல் இத்தனை கரிசனமா என்று அனிதாவுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மில்லில் சார்ட்டரின் மூடி திறந்தே கிடந்தது, போர்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. மெயின் பேனலில் அவள் சர்ஜ் அரெஸ்டர் என்று ஒரு டப்பாவை மாட்டினாள். வெளியிலிருந்து வருகிற வேண்டாத கரண்டை வாசலிலேயே பிடித்து மண்ணுக்குள் தள்ளிவிடுகிற டப்பா அது. அதன் நெற்றியில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். டப்பா நன்றாக இருக்கும்வரை ஜன்னல் பச்சையாகவும், அடி வாங்கி ஓய்ந்துவிட்டால் சிவப்பாகவும் தெரியும். பிறகு போர்டை மாட்டி சுவிட்சைப் போட்டாள். அரிசி அருவியாய் இறங்கியது, கறுப்பு அரிசி தனியே தெறித்து விழுந்தது. பகல் முழுக்க மீட்டரை வைத்துக்கொண்டு லைனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் கொஞ்சமும் ஆடவில்லை. அழகுசுந்தரம் மூன்று முறை டீ வாங்கிக் கொடுத்தார், நாலாவது முறை, இருட்டுவதற்குள் கிளம்பினால் நல்லது என்றார்.

ஆறாம் நாள் போர்டு வந்துவிட்டது.

"டப்பாவுல ஜன்னல் செவப்பாயிருச்சாண்ணே?" என்று கேட்டாள் அனிதா.

"இல்லையே. பச்சையாத்தான் இருக்கு."

"இருக்காதுண்ணே. நல்லாப் பாத்தீகளா?"

மலையாண்டி ஈயக் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டே, பச்சையாகத்தான் இருக்கிறது என்று மறுபடி சொன்னார். அனிதா நம்பாமல் புதுவயலுக்கே போய்ப் பார்த்தாள். பச்சைதான். புதுத் தளிர் மாதிரிப் பச்சை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. வாசலில் நிற்கிற ஆளுக்கு ஒரு கீறல் இல்லை, உள்ளே வீடு எரிந்திருக்கிறது. அப்படியானால் திருட்டுக் கரண்ட் எந்த வழியாக வந்தது என்று ஜோசப் ராஜிடம் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்து, சுவரேறிக் குதித்திருக்குமோ என்றான். அவளும் அரை நிமிஷம் அதை யோசித்தாள். அந்த அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

விடிந்ததும், கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்து சரியில்லை என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்பதைவிட, சந்தேகப்பட அது ஒன்றுதான் பாக்கி இருந்தது என்று சொல்லலாம். மில்லின் பின்புறம் ஆள் வைத்து எர்த்துக் குழி தோண்டவைத்தாள். அழகுசுந்தரம் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். கரியும் உப்பும் கொட்டுவதற்கு முன்பே கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கிவிட்டது. நெல் ஊறுகிற தொட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் மில் ஒரு நாள் நின்றது. லோடுமேன்கள் அவளுக்குக் குழிக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதோடு போகவில்லை. ஒரு போர்டை நாலு தடவை ரிப்பேர் செய்கிற கடை என்று ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. ஏ.சி. போர்டு கொண்டுவந்த ஒருவர், உங்களிடம் கொடுத்தால் எத்தனை நாள் வரும் என்று மரியாதையாகவே கேட்டார். இன்வெர்ட்டர் போர்டு கொடுத்திருந்த இன்னொருவர் ரிப்பேர் ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்று அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அனிதா கடையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். குட்டி வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

நாலாவது முறை போர்டைக் கொடுத்தனுப்பும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மூலையில் சிவப்பு மார்க்கரால் தேதி எழுதினாள்.

மூன்றே நாளில் வந்தது. அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அனிதா முதலில் மூலையைத்தான் பார்த்தாள். தேதி இல்லை.

"மொதலாளி பெட்ரோல் போட்டுத் தொடைக்கச் சொன்னாக. தவிடு அப்புதுல்ல," என்றார் மலையாண்டி. சொல்லிவிட்டு வேகமாக வண்டிக்குப் போய்விட்டார். வழக்கமாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

பெட்ரோலில் துடைத்த போர்டில் தவிடு மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்று ஒரு கேள்வி அவளுக்கு வந்தது. ஆனால் அந்த நேரத்தில் தன்மேல் வந்த சந்தேகம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தேதி எழுதினோமா, எழுதவேண்டும் என்று நினைத்ததோடு சரியா? சாயங்காலம் ஜோசப் ராஜ் வந்ததும் கேட்டாள்.

"நான் எழுதுனதப் பாத்தீகளா இல்லையா?"

அவன் பார்க்கவில்லை. போன வாரம் அவள் சாம்பாரில் சர்க்கரை போட்டதை மட்டும் பார்த்திருந்தான். அதை எடுத்துச் சொல்லவேண்டிய இடம் இது இல்லை என்பது அவனுக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சமாளிக்கிறதாக நினைத்து, ஒரே இடத்தில் விழுகிற பையனுக்கு முதலில் ஷூவை மாற்றிப் பார்க்கணும் என்று தன் துறையிலிருந்து ஒரு யோசனை சொன்னான். வில்லையை மாற்றியாச்சு, பேனலை மாற்றியாச்சு, மண்ணைக்கூட மாற்றியாச்சு என்றாள் அனிதா.

"அப்ப கோச்சத்தான் மாத்தணும்," என்றான் ஜோசப் ராஜ்.

விளையாட்டாகச் சொன்னதுதான். அனிதா எழுந்து உள்ளே போனாள். அவன் பின்னாலேயே போய் எத்தனையோ சமாதானம் சொன்னான். அவள் கோபப்படவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் போர்டு பார்த்திருப்போம், ஒரு போர்டு ஏன் செத்தது என்று தெரியாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை, இப்போது என் கையை நானே நம்பமுடியவில்லை என்று சொல்லி அழுதாள். ஜோசப் ராஜ் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் அவள் வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். ஐந்தாவதாக வந்த போர்டைத் தொடவில்லை. வந்தபடியே அட்டைப்பெட்டியில் வைத்து, மன்னிக்கவும், என்னால் முடியவில்லை, கம்பெனிக்கே அனுப்பிவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டாள். அழகுசுந்தரத்துக்குப் போன் செய்தால் குரல் உடைந்துவிடும் என்று, பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்பச் சொல்லி மலையாண்டியிடம் மட்டும் சொன்னாள். அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தார், டிரைவரை அனுப்புகிறேன் என்றார். பிறகு அவசரமாக, பெட்டியை மட்டும் கொடுத்தனுப்பு தங்கச்சி, அவனிடம் ஒன்றும் பேசவேண்டாம், அவனுக்கு விவரம் பத்தாது என்றார்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் மேனேஜருக்குச் செய்தி எழுதினாள். அவர் சிரிப்பார் என்று தெரியும். சிரிக்கட்டும் என்று ஒரு வரியில் முடித்தாள். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுகிறேன் என்பதுதான் அந்த வரி. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றபோது குட்டி வண்டிச் சத்தம் கேட்டது. முதல்முறையாக வேல்பாண்டி வண்டியை விட்டு இறங்கிக் கடைக்குள் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், நிலைப்படிக்குக் குனிந்துதான் வரவேண்டியிருந்தது.

"பெட்டியைத் தாங்கக்கா. ரெடிதான?"

அவன் உயரத்தைப் பார்த்ததும் அனிதாவுக்கு ஒன்று தோன்றியது. வாசலுக்கு மேலே இருக்கிற பெயர்ப்பலகையை ஸ்டூல் போட்டும் அவளால் எட்ட முடியவில்லை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள். புதுப் பலகை மாட்டப்போறீகளா என்று கேட்டபடியே அவன் ஸ்டூலில் ஏறிவிட்டான். இல்லை, கடையை மூடுகிறேன் என்றாள்.

ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏங்கக்கா?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் ஒரு மாசமாக யாரிடமும் சரியாகச் சொல்லாதது, அந்த ஸ்டூலுக்குக் கீழே நின்று கடகடவென்று வந்துவிட்டது. தான் செய்கிற வேலை நிற்கவில்லை என்றாள். முதலில் பன்னிரண்டு நாள் நின்றது, பிறகு ஒன்பது, பிறகு ஆறு, கடைசியில் மூன்று நாள்கூட முழுசாக நிற்கவில்லை. உங்கள் முதலாளி நல்லவர், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவருடைய மில்லையே நான் பாழடித்துவிட்டேன், இனிமேல் எந்த முகத்தோடு ஒருத்தரிடம் போர்டு கேட்டு வாங்குவது என்று கேட்டாள்.

வேல்பாண்டி அவளை மேலிருந்து பார்த்தான். ஒன்றும் புரியாதவனாகத் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நிக்கலையா? யாரு சொன்னா? நீங்க மொதல்ல செஞ்ச போர்டு இன்னைக்கும் எங்க மில்லுல ஓடுது, ரெண்டாவது தீபாவளிச் சீரோட சீரா சிங்கம்புணரிச் சம்மந்தி மில்லுக்குப் போச்சு, நீங்களே வந்து மாட்டுனது, நாலாவது ரெண்டும் நெற்குப்பையில மொதலாளியோட மச்சினமாரு மில்லுல ஓடுது. போன வருஷ இடியில போன போர்ட இன்னும் எந்தச் சொந்தக்காரவுக வச்சிருக்காகன்னு இப்ப மொதலாளி ஊரூராக் கேட்டுக்கிட்டிருக்காக."